கல்லைத் தட்டிக் கேட்டவர்கள்

இரவு இரண்டு மணி இருக்கும். தெருவில் ஒருவரும் தூங்கவில்லை. கே.ஆர். புரத்தில் நாங்கள் குடியிருக்கும் ஆறு வீட்டுக் கட்டடத்துக்குப் பின்னால் ரிக் வண்டி நின்று போர் போட்டுக்கொண்டிருந்தது. 2024 மார்ச். பெங்களூரே தண்ணீருக்கு அலைந்த கோடை அது. எங்கள் பழைய போர் 600 அடி, பிப்ரவரியிலேயே வற்றிவிட்டது. ஆறு வீடும் பணம் போட்டுத் திருச்செங்கோட்டு வண்டி ஒன்றை வரவழைத்திருந்தோம்.

900 அடி தாண்டியும் புகைதான். கம்ப்ரஸர் ஊதித் தள்ளிய கல்மாவு துணிக்கொடி, ஸ்கூட்டர், முருங்கை மரம் என்று எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. போர்க்குழிப் பக்கத்தில் குவிந்திருந்ததில் ஒரு பிடி அள்ளினேன். இன்னும் சூடாக இருந்தது. சாம்பல் கலந்த வெள்ளை, அதற்குள் மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கருப்பு. விரல்களுக்கிடையில் தேய்த்தால் பளபளவென்று ஏதோ ஒட்டியது.

ரிக் ஓட்டியவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. லீவரில் கை வைத்தபடி தலையை ஒரு பக்கம் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். "சத்தம் கேக்குதுங்களா? முழுக்கல்லுங்க இது. கேப் வந்துச்சுன்னா சத்தமே வேற மாதிரி இருக்கும். காதாலதாங்க ஓட்டோணும். உள்ள என்ன இருக்குதுன்னு கண்ணுக்கா தெரியுது?" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குத் தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

தாத்தா திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து 1946-ல் கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அங்கே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள்தான். வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரி என்று குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. அந்தக் காலத்தில் உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. அடியில் பாறையின் சூடு 65 டிகிரியை ஒட்டி இருக்கும். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பினால்தான் மனிதன் அங்கே நிற்க முடியும்.

ஷிப்டுக்குப் போனதும் முதல் வேலை, கம்பியால் தலைக்கு மேலே இருக்கும் பாறையைத் தட்டிப் பார்ப்பது. கணீரென்று கேட்டால் கல் கெட்டி. டொப்பென்று கேட்டால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் நிற்கக்கூடாது. வீட்டுக்கு வந்தும் தாத்தாவுக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. புதிதாக எந்த வீட்டுக்குப் போனாலும் முட்டியை மடக்கிச் சுவரைத் தட்டுவார், காதை வைப்பார். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது என்னையும் தட்டச் சொல்லியிருக்கிறார்.

பாட்டியின் காதும் அப்படித்தான். ஆழத்தில் மேலிருந்து அமுக்கும் பாரம் தாங்காமல் பாறை சட்டென்று வெடித்துச் சிதறும். தங்கவயல்காரர்கள் அதை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். கீழே அது நடந்த நொடியில் மேலே லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரங்கள் உருளும். பாட்டி கைவேலையை அப்படியே விட்டுவிட்டு, அதிர்ச்சி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனிப்பாராம். பக்கத்துச் சுரங்கத்திலா, நம்ம சுரங்கத்திலா, மேல் லெவலா, ரொம்பக் கீழேயா என்று அதிலிருந்தே ஓரளவு சொல்லிவிடுவார் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று மனிதர்கள் தெரிந்துகொண்டதும் இதே வழியில்தான். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

தோண்டித் தெரிந்துகொள்ள முடியாதா என்று கேட்டால், முடியாது. எவ்வளவு முடியாது என்பதை நானும் அப்பாவும் ஒரு நாள் கணக்குப் போட்டோம். பூமியின் மையம் இங்கிருந்து 6,371 கி.மீ. கே.ஆர். புரம் ஸ்டேஷனிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறத்தாழ 350 கி.மீ. அப்பா இருபது வருடம் தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்கு வந்துபோனவர். இந்தப் பாதையில் எந்த ஸ்டேஷன் எத்தனையாவது கிலோமீட்டர் என்பது அவருக்கு மனப்பாடம். சரி, பூமியின் மையம்தான் சென்னை சென்ட்ரல், நாம் நிற்கும் தரைதான் கே.ஆர். புரம் என்று வைத்துக்கொண்டோம்.

எங்கள் போர் கடைசியில் 1,380 அடியில் நின்றது. இருபது அடி ராடு அறுபத்தொன்பது இறங்கியிருக்கிறது. அந்தக் கணக்கில் அது 23 மீட்டர். ஒரு ரயில் பெட்டியின் நீளம், அவ்வளவுதான். தாத்தா சுரங்கத்தின் அடிமட்டம் 175 மீட்டர், ஏழெட்டுப் பெட்டி. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-ல் ஆரம்பித்துப் பத்தொன்பது வருடம் துளைபோட்டு 12,262 மீட்டர் வரை போனார்கள். செங்குத்தான ஆழத்தில் மனிதனின் கருவி எட்டிய எல்லை அதுதான். கீழே 100 டிகிரி சூடு இருக்கும் என்று நினைத்துப் போனவர்களை 180 டிகிரி எதிர்கொண்டது. அதற்கு மேல் துளைக்க வழியில்லை. நம் கணக்கில் அது 670 மீட்டர். வண்டி இன்னும் பிளாட்பாரத்தை விட்டுச் சரியாக வெளியே வரவில்லை.

ஆனால் மீதி வழியில் என்னென்ன வருகிறது என்று நமக்குத் தெரியும். நம் ரயில் கணக்கில் முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் மேலோடு முடிந்துவிடும். கண்டங்களின் அடியில் அது பொதுவாக 35, 40 கி.மீ. கனம், கடலடியில் ஏழு கி.மீ.தான். அப்புறம் கவசம் என்ற அடுக்கு, 2,890 கி.மீ. ஆழம் வரைக்கும். நம் வண்டி பங்காருப்பேட்டை, குப்பம், ஜோலார்பேட்டை, வாணியம்பாடி எல்லாம் தாண்டி ஆம்பூரை நெருங்கும்வரை கவசம்தான். அங்கிருந்து அரக்கோணம் வரை வெளிக்கரு: உருகிய இரும்பும் நிக்கலும். அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் வரை உட்கரு. அதுவும் இரும்புதான், ஆனால் திடம். சூரியனின் மேற்பரப்புக்கு நிகரான சூடு, 5,000 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டிலும் உருகாமல் இருப்பதற்குக் காரணம் அழுத்தம். நம் தலைமேல் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 36 லட்சம் மடங்கு.

யாரும் போகாத ஊருக்கு இத்தனை துல்லியமாக ஸ்டேஷன் பெயர் எழுதியது யார்? தட்டிக் கேட்டவர்கள்தான். தட்டியது நிலநடுக்கம்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு இருப்பது பலருக்குத் தெரியாது. 1897 ஜூன் 12-ல் அசாமில் மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் இருந்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம் அதை ஆராயப் போனார். அந்த அதிர்வு ஐரோப்பாவில் இருந்த கருவிகளிலும் பதிவாகியிருந்தது. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, அதில் மூன்று வகை அலைகள் தனித்தனியாக வருவது பிடிபட்டது. முதலில் வருவது முதன்மை அலை, ஒலியைப் போல அமுக்கி விரித்துப் போவது. அடுத்தது இரண்டாம் நிலை அலை, கயிற்றை உதறினால் போவதைப் போலப் பக்கவாட்டில் ஆடிப்போவது. கடைசியாகத் தரையோடு தரையாக வருவது. 1906-ல் அவர் இன்னொன்றும் சொன்னார். பூமியின் நடுவைத் தாண்டி மறுபக்கம் போய்ச் சேரும் அலைகள் தாமதமாக வருகின்றன. ஆகவே நடுவில் வேறு விதமான ஒரு கரு இருக்கிறது. தாத்தா கம்பியால் தட்டியபோது டொப்பென்று கேட்ட இடம் மாதிரி.

1909-ல் குரோவேஷியாவில் ஒரு நிலநடுக்கம். ஆந்திரியா மொஹொரோவிசிச் அதன் பதிவுகளைப் பார்த்தபோது, கொஞ்ச தூரத்துக்கு அப்பால் இருந்த கருவிகளில் ஒரே வகை அலை இரண்டு தடவை வந்திருந்தது. ஒன்று மேலாக வந்தது. இன்னொன்று கீழே இறங்கி, அங்கே இருந்த வேறொரு கெட்டியான பாறையில் வேகம்பிடித்து, மேலே வந்தது. மேலோட்டில் நொடிக்கு ஆறு, ஏழு கி.மீ. போன அலை, அந்த எல்லையைத் தாண்டியதும் எட்டு கி.மீ. போகிறது. மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் அந்த எல்லைக்கு இன்றும் அவர் பெயர்தான். அப்புறம் சில வருடங்களில் பேனோ குட்டன்பெர்க் கருவின் எல்லை ஏறத்தாழ 2,900 கி.மீ. ஆழத்தில் என்று கணக்கிட்டார். இரண்டாம் நிலை அலை திரவத்துக்குள் போகாது. அது கருவோடு நின்றுவிடுவதால் வெளிக்கரு உருகியிருக்கிறது என்று தெரிந்தது.

இவர்கள் எல்லோரையும்விட எனக்குப் பிடித்தவர் இங்கெ லேமன் என்ற பெண்மணி. டென்மார்க்காரர். 1929-ல் நியூசிலாந்தில் வந்த நிலநடுக்கத்தின் அலைகள், வரவே கூடாத இடங்களில் லேசாக வந்திருந்தன. மற்றவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எடுத்துக்கொண்டார். பதிவுகளை அட்டையில் குறித்து, ஓட்ஸ் டப்பாக்களில் அடுக்கி வைத்து, தோட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். கணினி வராத காலம். 1936-ல் முடிவைச் சொன்னார்: கருவுக்குள்ளே இன்னொரு கரு இருக்கிறது, அலை அதில் மோதித்தான் திசைமாறி வருகிறது. அரக்கோணம் என்ற ஸ்டேஷனைக் கண்டுபிடித்தவர் அவர். 104 வயது வாழ்ந்தார்.

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் 1960-களில் இருந்து நிலஅதிர்வுக் கருவிகள் வரிசையாகப் புதைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையத்துடையது. உலகில் எங்கே அணுகுண்டைப் பூமிக்கடியில் வெடித்தாலும் தெரிய வேண்டும் என்று அமைத்தது. நிலநடுக்கமும் அதில் பதிவாகும். பூமியின் மறுபக்கத்தில் கிளம்பிய அலை நடுவைத் தாண்டி இங்கே வர இருபது நிமிடம் போதும். நாம் ஒரு டீ குடித்துவிட்டு டம்ளரை வைப்பதற்குள் வந்துவிடும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். மேலோட்டுக்குக் கீழே எல்லாம் நெருப்புக் குழம்பு, அதில் கண்டங்கள் தெப்பம் மாதிரி மிதக்கின்றன என்றுதான் நான் கல்லூரி முடித்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நிலை அலை கவசத்துக்குள் தாராளமாகப் போகிறது. அப்படியானால் அது திடம். கல். ஆனால் ஓடுகிற கல்.

கல் எப்படி ஓடும்? எங்கள் தெரு முனையில் ரோடு போட வந்தவர்கள் ஒரு தார் பீப்பாயை மூடியில்லாமல் படுக்கப்போட்டுவிட்டுப் போனார்கள். ரோடு வேலை நின்றுபோய் அது அங்கேயே கிடந்தது. டிசம்பர்க் காலையில் பையன்கள் கல்லால் அடித்தார்கள். தார் கண்ணாடிச் சில்லு மாதிரித் தெறித்தது. அதே தார், மே மாதத்துக்குள் பீப்பாய் வாயிலிருந்து நாக்கை நீட்டியது போல ஒரு முழம் வழிந்து தரையில் பரவியிருந்தது. வழிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அடித்தால் உடைகிறது, விட்டால் ஓடுகிறது. கவசமும் அப்படித்தான். நிலநடுக்க அலை நொடிகளில் அதைத் தட்டுகிறது. அதற்கு அது கணீரென்ற கல். கோடி ஆண்டுகள் கொடுத்தால் அடியில் சூடான கல் மேலே வரும், ஆறிய கல் கீழே போகும். நம் நகம் வளருகிற வேகம்.

அதன்மேல்தான், கண்டங்களையும் கடலடியையும் சுமக்கும் பெரும் பாறைத் தட்டுகள் நகர்கின்றன. நகர்த்துவதில் பெரும்பங்கு, ஆறிக் கனத்துப்போன கடலடித் தட்டு கவசத்துக்குள் அமிழ்வதுதான். கொடியில் போட்ட ஈரப்புடவை ஒரு பக்கம் நீளமாகத் தொங்கினால், அந்தக் கனம் மீதியையும் இழுத்துக்கொண்டு சரியுமே, அந்த மாதிரி.

கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-ல் ஆல்ஃபிரட் வேகனர் சொன்னபோது எதனால் நகர்கின்றன என்று அவரால் சொல்ல முடியவில்லை. புவியியல் படித்தவரும் இல்லை, வானிலை ஆராய்ச்சியாளர். பலர் ஏற்கவில்லை. 1930 நவம்பரில், ஐம்பது வயதான சில நாட்களில், கிரீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். கடலடி நடுவில் பிளந்து விரிகிறது என்ற ஆதாரம் வந்து உலகம் ஒப்புக்கொள்ள 1960-கள் ஆயின.

அவர் சேர்த்த சான்றுகளில் குளோசோப்டெரிஸ் என்ற செடியின் புதைபடிவமும் ஒன்று. இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா என்று எல்லா இடத்துப் பாறையிலும் அந்த இலை இருக்கிறது. இவையெல்லாம் ஒன்றாக இருந்த நிலத்துக்குக் கோண்ட்வானா என்று பெயர். நம் நாட்டின் நடுப்பகுதியில் வாழும் கோண்டு மக்களின் பெயரிலிருந்து வந்தது.

இதைத் தமிழில் எழுதும்போது லெமூரியாவைத் தொடாமல் போவது நேர்மையாகாது. 1864-ல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவே ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். இரண்டு இடத்திலும் ஒரே குடும்பத்து விலங்குகளின் தடயம் இருந்ததற்கு அவருக்குத் தோன்றிய விளக்கம் அது. அது பிற்பாடு நம் குமரிக்கண்டக் கதையோடு சேர்ந்துகொண்டது. ஆனால் கண்டத்தின் பாறை கவசத்தின் பாறையைவிட எடை குறைந்தது. ஒரு கண்டம் மொத்தமாக அதற்குள் முழுகிவிட முடியாது. கண்டம் மூழ்கவில்லை, நகர்ந்தது. அதே சமயம், கடல் நிலத்தை எடுத்துக்கொண்டது என்ற நினைவு வெறும் கற்பனை என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏறியபோது நம் கரை நெடுகப் பெரிய நிலப்பரப்பு தண்ணீருக்குள் போனது உண்மை.

மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்த இடத்தை நான் கையால் தொட்டிருக்கிறேன். உடுப்பிக்குப் பக்கத்தில் மல்பெ, அங்கிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவுகள். ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், பிரியும்போது பிளவில் வந்த எரிமலைக் குழம்பு ஆறி, வெடித்து, ஐந்து பட்டையும் ஆறு பட்டையுமான தூண்களாக நிற்கிறது. என் மகள் ஒரு தூணைக் கட்டிக்கொண்டு, "இதோட மறுபாதி அங்க இருக்காப்பா?" என்று மேற்கே கையைக் காட்டினாள். இருக்கிறது. அதே காலத்து எரிமலைப் பாறை மடகாஸ்கரிலும் இருக்கிறது.

பிரிந்த இந்தியா வடக்கே விரைந்தது. ஒரு கட்டத்தில் வருடத்துக்கு 15 செ.மீ.க்கு மேல், தட்டுகளில் அது பேய் வேகம். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதி இமயமலையை எழுப்பியது. இன்னும் நிற்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1990-களில் இருந்து ஒரு ஜி.பி.எஸ். நிலையம் இருக்கிறது. அதன் கணக்குப்படி இந்த ஊர் வருடத்துக்கு 5 செ.மீ. அளவில் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. தாத்தா முதன்முதலாகச் சுரங்க லிஃப்டான கேஜில் இறங்கிய நாளிலிருந்து இன்றைக்குள், தங்கவயல், கே.ஆர். புரம், சென்னை சென்ட்ரல், நடுவில் இருக்கும் தண்டவாளம் எல்லாம் சேர்ந்து 4 மீட்டர் நகர்ந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே இந்தத் தட்டின் விளிம்புதான் ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு ஒரேயடியாக நழுவியது. அன்றைக்கு நாகப்பட்டினத்தில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

போர் போட்ட அன்று அள்ளிய கல்மாவை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அது நைஸ் என்ற பாறையின் மாவு. கருப்பாக இருந்தது மைக்கா. 1916-ல் மைசூர்ப் புவியியல் துறையின் ஸ்மீத் இந்தப் பாறைக்குத் தீபகற்ப நைஸ் என்று பெயர் வைத்தார். அதுவே லால்பாக்கில் பெரிய குன்றாக வெளியே தெரிகிறது. உச்சியில் கெம்பேகவுடா கோபுரம் இருக்குமே, அந்தப் பாறை. வயது 300 கோடி ஆண்டுகள். பூமியின் வயதே 454 கோடிதான்.

போன மாதம் அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். சாயங்காலம், பாறை இன்னும் வெயில் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது. கிட்டே குனிந்து பார்த்தால் வெள்ளையும் கருப்புமாக வரிகள். நேராக ஓடி, திடீரென்று மடங்கி, மறுபடி நேராகின்றன. பிசைந்த மாவை இழுத்து மடித்தது போல. அப்படி மடங்க வேண்டுமானால் பல கிலோமீட்டர் ஆழத்தில், கல் இளகும் சூட்டில், பெரும் அழுத்தத்தில் இருந்திருக்க வேண்டும். மேலே இருந்ததையெல்லாம் மழையும் காற்றும் கோடிக்கணக்கான வருடங்களில் அரித்துக்கொண்டு போக, இது வெளியே வந்திருக்கிறது.

அப்பாவிடம் அதைச் சொன்னேன். "அப்படின்னா தாத்தா இறங்கினதைவிட ஆழமா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. ரொம்ப ஆழம். நாம அங்கதான் நிக்கிறோம்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சுற்றி ஜோடி ஜோடியாக ஆட்கள் சூரியன் மறைவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுண்டல் விற்பவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனார். அப்பா மெதுவாக முட்டிபோட்டு உட்கார்ந்தார். கைத்தடியைத் திருப்பிப் பிடித்து, இரும்புப் பூண் போட்ட நுனியால் பாறையை இரண்டு தடவை தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் ஓரடி தள்ளி மறுபடி தட்டினார்.

"கெட்டிக் கல்லு" என்றார். கையை நீட்டினார், எழுப்பிவிட்டேன்.